முனி நிற்கும் இடம்

ஜூலை 9, புதன்

இன்று வேனின் வலது பக்கக் கண்ணாடி போனது. முதல் லயத்து வரிசை வீடுகளுக்கு எதிரே, குவாரி லாரி. வேன் நிறையப் பள்ளிப் பிள்ளைகள். லாரிக்காரன் நிறுத்தக்கூட இல்லை, தூசியைக் கிளப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான். நான் வேனை நடுரோட்டில் போட்டுவிட்டு இறங்கிக் கத்தினேன். யாரைப் பார்த்துக் கத்தினேன்? தூசியைப் பார்த்துத்தான்.

திரும்பி ஏறியதும் பின்சீட்டில் ஒன்று, "ஆண்ட்டி, நீங்க கெட்ட வார்த்த சொல்லிட்டீங்க" என்றது. ஆமாம், சொன்னேன்.

கிளினிக் நர்ஸ் போன மாதமே சொன்னாள். "பிரஷர் ஏறிக்கிட்டே போகுதுக்கா. கத்தாதீங்க, வீட்டுல போயி எழுதுங்க." அதற்காகத்தான் இந்த டைரி. எழுதிவிட்டேன். ஒன்றும் இறங்கவில்லை.

ஜூலை 12, சனி

கண்ணாடி மாற்றியாயிற்று. கோபம் அப்படியே இருக்கிறது.

எல்லாம் அந்த வளைவில்தான் தொடங்கியது. கண்ணாடிமலைத் தோட்டத்துக்குள் நுழையும் வளைவில் முனியாண்டி இருந்தார். கூரை கிடையாது. ஒரு கல், ஒரு சூலம், ஆள் உயர அரிவாள், பக்கத்தில் ஆலமரம். ரப்பர் மரம் போய், எண்ணெய்ச் செம்பனை வந்து, அதுவும் பாதி போய், குவாரிக்காரன் மலையை உடைக்க வந்த பிறகும் அவர் அங்கேயே இருந்தார். எங்கள் தோட்டத்துக்கு எல்லை அவர்தான். திருவிழாவில் காப்புக் கட்டியவர்கள் அவரைத் தாண்டிப் போகக் கூடாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த வளைவு குவாரிக்காரனுக்கு இடைஞ்சலாகிவிட்டது. பெரிய லாரி திரும்பவில்லையாம். மாரியம்மன் கோயில் தலைவரிடம் வந்து பேசினார்கள். கோயில் தலைவர் யார்? என் கூடப் பிறந்த சீனி அண்ணன். சரி என்றுவிட்டான். மரத்தை வெட்டினார்கள். முனியைக் கிரேனில் தூக்கிக்கொண்டு போய், புதுத் தமிழ்ப்பள்ளியையும் தாண்டி, சிம்பாங் பூலாய் மெயின் ரோட்டு ஜங்ஷனில், டைல் ஒட்டிய ஒரு பெட்டிக்குள் வைத்தார்கள். பெட்ரோல் ஸ்டேஷன் கக்கூசுக்கு இதைவிட நல்ல டைல் போடுவார்கள்.

அன்றைக்கும் நான் கத்தினேன். "சாமிக்குப் புது வீடு கட்டிக் குடுத்திருக்கு. உனக்கு என்னா கோவம்?" என்றான் அண்ணன்.

வளைவு நேரானது, லாரிகள் இரண்டு மடங்காயின. இப்போது ரோடு இன்னும் அகலம் வேண்டுமாம். அகலப்படுத்தினால் முதல் லயத்து வீடுகள் போகும். மலைக்குப் பின்னால் செம்பனைக்குள் பழைய பாதை ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் லாரியை ஓட்டு என்றால் சுற்று அதிகம், டீசல் எண்ணெய் ஆகும் என்கிறான் குவாரிக்காரன். அவன் எண்ணெய்க்கு எங்கள் வீடா?

ஜூலை 15, செவ்வாய்

நான் ரோட்டில் நின்று கத்தியதை யாரோ படம் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டிருக்கிறார்கள். ஐப்போ முழுக்கச் சுற்றிவிட்டது.

இன்று கலாதேவி என்று ஓர் அம்மா வீட்டுக்கு வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமைத் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். பேராக் பொதுமக்கள் கட்சியின் செயலாளராம். அப்படி ஒரு கட்சி இருப்பதே எனக்குத் தெரியாது. ஐப்போவில் ஒரு ஃபோட்டோஸ்டேட் கடைக்கு மேல் ஆபீஸ். பழைய ஒய்.பி., அதான் சட்டமன்ற உறுப்பினர், போன மாதம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்ததால் எங்கள் சட்டமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல் வருகிறது. ஆளும் கூட்டணி ஒருவரை நிறுத்துகிறது, எதிர்க் கூட்டணி ஒருவரை. மூன்றாவதாக நிற்க இவர்களுக்கு ஆள் வேண்டும்.

"என்னையா? நான் வேன் ஓட்டுறவ" என்றேன்.

"அந்த ரோட்டப் பத்தி மத்த ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேச மாட்டாங்க. நீங்க பேசுவீங்க, அவ்வளவுதான்" என்றார்.

ஜெயிப்பேனா என்று கேட்டேன். மாட்டீர்கள் என்று உடனே சொன்னார். அந்த அம்மாவை எனக்குப் பிடித்துவிட்டது.

ஜூலை 17, வியாழன்

யுகேந்திரனிடம் சொன்னேன். கட்டிய பெண்டாட்டி தேர்தலில் நிற்கிறேன் என்கிறாள். மனுஷன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நீ வீட்டுல தெனமும் எதிர்க்கட்சிதானே. சட்டமன்றத்துக்குப் போனா எனக்குக் கொஞ்சம் ரெஸ்ட்டு" என்றார். பிறகு, "சீனி மச்சான் என்ன சொல்வாரு?" என்று கேட்டார். அண்ணன் என்ன சொன்னால் எனக்கு என்ன?

ஜூலை 20, ஞாயிறு

அண்ணன் சொல்லிவிட்டான். கோயில் வாசலில், நாலு பேர் பார்க்கச் சொன்னான்.

"யாரு ஏத்தி விட்டது உன்னய? நம்ம ஓட்ட ஒடைக்கப் போற. ரூபன் தம்பி வந்தா கோயிலுக்கு மண்டபம் வரும். நீ வந்தா என்ன வரும்?"

ரூபன்தான் ஆளும் கூட்டணி வேட்பாளர். பழைய ஒய்.பி.க்குப் பை தூக்கியவர். லயத்துப் பக்கம் வந்தால் செருப்பில் சேறு படுமே என்று காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்.

"அண்ணே, முதல் லயம் போயிட்டா மண்டபத்துல யாரு வந்து ஒக்காருவா?" என்றேன். "பொம்பள பேசுற பேச்சா இது" என்று உள்ளே போய்விட்டான். நம்ம ஓட்டாம்! எந்தக் கடையில் வாங்கி வைத்திருந்தான் எங்கள் ஓட்டை எல்லாம்?

ஜூலை 26, சனி

மனுத்தாக்கல் முடிந்தது. என்னை முன்மொழிந்தது செல்லாயி அக்கா. முதல் லயத்து நடு வீடு, க்ளவ் ஃபேக்டரியில் வேலை, வாயைத் திறந்தால் மூட மாட்டார். வாசலில் போலீஸ்காரர் ஐசி அட்டையைக் கேட்டதற்கு, "எடுத்துக்கப்பா, போட்டோவப் பாத்து பயந்துறாத" என்று தமிழிலேயே சொன்னார். அவருக்குப் புரியவில்லை, சிரித்தார்.

எங்கள் சின்னம் குடை. வெளியே நின்ற ரூபன் ஆட்கள், "அக்கா, வெயிலு அடிக்குது, விரிங்கக்கா!" என்று கூவினார்கள். இதுகூடப் பரவாயில்லை. எதிர்க் கூட்டணி வேட்பாளர் வக்கீல் ஸ்கந்தராஜா கோட்டும் டையுமாக வந்து, மரியாதையாகக் கை கொடுத்து, மெதுவான குரலில் கேட்டார். "நீங்கள் யாருடைய ஆள்?"

புரியவில்லை என்றேன். "இல்லை, பின்னால் யார் இருக்கிறார்கள்?" என்று சிரித்தார்.

பின்னால் செல்லாயி அக்கா இருந்தார். காட்டினேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழி முழுக்க அந்தக் கேள்வி எரிந்துகொண்டே வந்தது. எனக்குச் சொந்தமாக ஒரு கோபம் இருக்கக் கூடாதா? அதையும் யாராவது கொடுத்து அனுப்ப வேண்டுமா?

ஜூலை 27, ஞாயிறு

எழுத வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

இன்று மாரியம்மன் கோயிலில் கொடியேற்றம். உடுக்கை அடித்ததும் பத்துமலைக்கு அருள் வந்தது. அவர்தான் எங்கள் சாமியாடி, மற்ற நாளில் டயர் கடையில் வேலை. ஆத்தா வந்து ஒவ்வொரு வருடமும் மழை, வியாதி, கல்யாணம் என்று சொல்வாள். இன்று சொன்னது வேறு. "இந்த வருசம் வீட்டுக்கு வீடு எல்லாருக்கும் காப்பு வேணும்டா. காப்புக் கட்டுனவன் எவனும் என் எல்லையத் தாண்டக் கூடாது. தாண்டுனா நான் பொறுப்பில்ல."

அண்ணன் உடனே மைக்கைப் பிடித்து அதையே திரும்பச் சொன்னான். வழக்கமாக நேர்ந்துகொண்டவர்கள் மட்டும்தான் கட்டுவார்கள். இந்த வருடம் எல்லாரும். ஆகஸ்ட் ஏழு வியாழன் காப்பு. பத்தாம் தேதி ஞாயிறு தீமிதி முடிந்துதான் அவிழ்ப்பது.

வாக்களிப்பு ஆகஸ்ட் ஒன்பது, சனி.

முன்பெல்லாம் ஓட்டுப்பெட்டி தோட்டத்துக்குள்ளேயே, பழைய பள்ளிக்கூடத்தில் வைப்பார்கள். இப்போது பள்ளிக்கூடம் வெளியே போய்விட்டது. பெட்டியும் வெளியேதான், எல்லைக்கு அந்தப் பக்கம். காப்புக் கட்டிய ஒருத்தியும் வர மாட்டாள். முன்பு ஒருவர் காப்போடு கோலா கங்சாருக்குப் போய் மோட்டார் சைக்கிளில் விழுந்து கால் போனதை இன்றைக்கும் சொல்கிறார்கள்.

இந்தத் தொகுதியில் எனக்கென்று விழப் போவது தோட்டத்து ஓட்டுதான். அதையும் மஞ்சள் கயிற்றால் கட்டிப் போட்டாயிற்று.

ஜூலை 28, திங்கள்

அண்ணன் வீட்டுக்குப் போனேன். காலை வைத்ததும் கேட்டேன். "இது ஆத்தா சொன்னதா, நீ சொன்னதா?"

"சாமி விசயத்துல நாக்க அடக்கிப் பேசு புஷ்பா."

"பத்துமலைக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"வெளிய போ" என்றான். அண்ணி காப்பி கொண்டு வந்தவர் அப்படியே நின்றார். காப்பியைக் குடிக்காமல் வந்துவிட்டேன். அந்த வீட்டில் நான் காப்பி குடிக்காமல் வந்தது இதுவே முதல் தடவை.

உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. ஆத்தாவே சொல்லியிருந்தால்? அவளும் ரூபன் பக்கமா?

ஜூலை 31, வியாழன்

தாமான் தாமானாக, ஒவ்வொரு குடியிருப்பாக நடந்தேன். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் நோட்டீஸ் கொடுத்தேன். ஒரு சீனக் கிழவர் குடைப் படத்தைப் பார்த்து எவ்வளவு விலை என்று கேட்டார். ஒரு மலாய்க்கார அக்கா மட்டும் நின்று, குவாரித் தூசியால் தன் பிள்ளைக்கும் இழுப்பு என்று சொன்னார். அவரோடு பேசிய நேரம்தான் இன்றைக்கு உருப்படியான நேரம்.

ஆகஸ்ட் 2, சனி

கலாதேவி அம்மா போலீஸ் ரிப்போர்ட் போடலாம் என்கிறார். சமயத்தைக் காட்டி ஓட்டைத் தடுக்கிறார்கள் என்று. சட்டம் இருக்கிறதாம்.

"யாரு மேலம்மா போடுறது? ஆத்தா மேலயா?" என்றேன்.

"உங்க அண்ணன் மேல."

முடியாது என்று சொல்லிவிட்டேன். அவனை நான் நாலு பேர் முன்னால் திட்டுவேன், கையில் கிடைத்ததை எடுத்து எறிவேன். போலீஸ் வேனில் ஏற்றி வேடிக்கை பார்க்க மாட்டேன். அம்மாவுக்கு வருத்தம்தான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

நான் காப்புக் கட்டப் போவதில்லை. கட்டினால் மற்ற வாக்குச் சாவடிகளுக்குப் போக முடியாது. கல்யாணமான வருடத்திலிருந்து தீச்சட்டி எடுத்தவள் நான்.

ஆகஸ்ட் 6, புதன்

காப்புக் கட்டும் முன் எல்லைப் பூசை. தூர நின்று பார்த்தேன். அண்ணன், பூசாரி, பத்துமலை எல்லாரும் லாரியில் ஏறி ஜங்ஷனுக்குப் போனார்கள். அந்த டைல் பெட்டி முனிக்குத்தான் பூசை. பூசணிக்காய் உடைத்து, கிடா வெட்டி, சுருட்டுப் பற்றவைத்து, குங்குமச் சோறு எறிந்து எல்லை கட்டினார்கள். மெயின் ரோட்டில் போன கார்கள் எல்லாம் ஹாரன் அடித்தன. முனி முகத்தில் லாரிப் புகை. அவரைப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை, பாதியிலேயே வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காப்புக் கட்டினார்கள். ஆண்களுக்கு வலது கை, பெண்களுக்கு இடது கை. வரிசை கோயிலைச் சுற்றி ரோடு வரை நின்றது. நான் ஓரமாக நின்றேன். என்னைத் தாண்டிப் போனவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் என் வெறும் கையைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

செல்லாயி அக்காவும் வரிசையில் நின்றார். என்னை முன்மொழிந்த செல்லாயி அக்கா!

வீட்டுக்கு வந்து ஒரு தட்டை உடைத்தேன். யுகேந்திரன் கூட்டி அள்ளினார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே முதல் லயத்துக்குப் போனேன். செல்லாயி அக்கா வாசலில் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தார். நின்ற நிலையிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

"நீயுமாக்கா? ஒன் வீட்டத்தானே மொதல்ல இடிக்கப் போறான். நீயே வர மாட்டேன்னா நான் யாருக்கு நிக்கிறேன்?"

"புருசன் படுத்துக் கெடந்தப்ப நேந்துகிட்டேன் புஷ்பா. மனுசன் எந்திரிச்சு நடக்குது. கட்டாம இருக்க முடியுமா?"

"கட்டு! நல்லாக் கட்டு! எல்லை எல்லைன்னு சாவுங்க. எங்க இருக்கு ஒங்க எல்லை? அவரத்தான் பேர்த்து எடுத்துட்டானே. கிரேன்ல கட்டி, பன்னி தூக்குற மாதிரி தூக்கிட்டுப் போயி, ஜங்ஷன்ல கக்கூசுல வெச்சுட்டு, இன்னும் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு…"

"இரு" என்றார் அக்கா. மஞ்சள் கையை அப்படியே தூக்கிக் காட்டினார். "இரு, இரு. முனி இப்ப எங்க இருக்காரு?"

"ஜங்ஷன்லக்கா! அதத்தானே கத்திக்கிட்டு இருக்கேன்."

"புதன்கெழம எல்லைப் பூச எங்க போட்டாங்க?"

"அங்கதான்."

"பள்ளிக்கூடம் முனிக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?"

ஒவ்வொரு நாளும் அந்த ரோட்டில் நாலு தடவை வேன் ஓட்டுகிறவள் நான். தோட்டத்திலிருந்து போனால் முதலில் பள்ளிக்கூடம், அதைத் தாண்டித்தான் ஜங்ஷன், அங்கேதான் முனி. அப்படியென்றால் பள்ளிக்கூடமும் ஓட்டுப்பெட்டியும் எல்லைக்குள். எல்லாருக்கும் மனசில் எல்லை என்றால் இன்னும் அந்த வளைவுதான். முனியை இடம் மாற்றினார்களே தவிர, எங்கள் தலைக்குள் அவரை யாரும் மாற்றவில்லை.

செல்லாயி அக்கா கையைக்கூடக் கழுவாமல் எழுந்து நடந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் என்ன என்ன என்று பின்னால் வந்தார்கள். கோயிலில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். பத்துமலை வெங்காயத்தோடு அழுதுகொண்டிருந்தார். அண்ணன் மைக்கில் பால்குடத்துக்குப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அக்கா கீழே நின்றே கேட்டார். "தலைவரே, ஒரு சந்தேகம். முனி நிக்கிற எடந்தானே எல்லை?"

அண்ணன் என்னைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. எல்லை அந்த வளைவுதான் என்று சொன்னால், முனியை மாற்றியது பொம்மை விளையாட்டு என்று ஆகிவிடும்.

"அது… பழைய எடம்…" என்று இழுத்தான்.

"பழைய எடந்தான் எல்லைன்னா, புதன்கெழம வெட்டுன கிடா யாருக்கு தலைவரே? ரோட்டுல போற காருக்கா?"

காய் நறுக்கிய பெண்கள் எல்லாரும் கத்தியை நிறுத்திவிட்டார்கள். பூசாரி, "எல்லை கட்டுனது ஜங்ஷன்லதான்பா, நான்தானே கட்டுனேன்" என்றார், யாரும் கேட்காமலே. பத்துமலை தலையை நிமிர்த்தவே இல்லை.

மைக் திறந்தே இருந்தது. லயம் முழுக்கக் கேட்டிருக்கும். "முனி நிக்கிற எடந்தான் எல்லை" என்றான் அண்ணன்.

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். சந்தோஷமா? தெரியவில்லை. எந்த அநியாயத்தைப் பார்த்து இரண்டு வருடம் வயிறு எரிந்தேனோ, அதுவே இன்று எனக்கு வழி விட்டது. அதை நினைத்தால் அதற்கும் கோபம்தான் வருகிறது.

ஆகஸ்ட் 9, சனி

காலையிலிருந்து தூறல். நான் பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே நின்றேன். எட்டு மணி வரை தோட்டத்துப் பக்கமிருந்து ஒருவரும் இல்லை. ரூபன் ஆட்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பிறகு வந்தார்கள். காப்புக் கட்டினால் செருப்புக் கிடையாது, அதனால் வெறுங்காலோடு ரோட்டோரமாக வரிசையாக நடந்து வந்தார்கள். மஞ்சள் சேலை, மஞ்சள் வேட்டி. குவாரி லாரி ஒன்று பின்னால் மெதுவாக ஊர்ந்து வந்தது. ஹாரன் அடித்துப் பார்த்தான். ஒருவரும் ஒதுங்கவில்லை.

மழை என்பதால் எல்லார் கையிலும் குடை. வாசலில் அதிகாரி ஓடி வந்து மலாயில் தடுத்தார். "காக்காக், பாயோங் தாக் போலே!" குடை ஒரு கட்சியின் சின்னமாம், சாவடிக்குள் கொண்டு வரக் கூடாதாம். "உஜான் லா, என்சிக்!" என்று செல்லாயி அக்கா மழை பெய்யும் வானத்தைக் காட்டினார். மழை பெய்தால் அதுவும் பிரச்சாரமா? அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது, ஆனாலும் விடவில்லை. கடைசியில் எல்லாக் குடையையும் சேர்த்து கொஞ்சம் தள்ளி ஜங்ஷனில் இருந்த முனியின் பெட்டிக்குள் கொண்டு போய் வைத்தார்கள். பெட்டி நிறைந்து வெளியே வழிந்தது.

நனைந்துகொண்டே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். மை தடவுவது இடது கை ஆள்காட்டி விரலில். காப்பும் அதே கையில். வெளியே வந்த ஒவ்வொருத்தியும் அந்தக் கையை எனக்குத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள். நான் அழுதேன். எழுதுவதற்கு என்ன வெட்கம், அழுதேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தோற்றேன். மூன்றாவது. டெபாசிட்டும் போனது. ரூபன் ஜெயித்தார். எங்கள் பள்ளிக்கூடச் சாவடியில் மட்டும் நான் முதல். கலாதேவி அம்மா அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். தாதியாக இருந்தவர் அல்லவா, ஆறுதல் சொல்லத் தெரிகிறது.

மாலையில் தீமிதி. நான் கயிற்றுக்கு வெளியே நின்றேன். புது ஒய்.பி. ரூபன் வந்தார். அண்ணன்தான் மாலை போட்டான், முதல் மரியாதை செய்தான். ரூபன் மைக்கைப் பிடித்து, "இந்த மண்ணோட மக்கள் எனக்குக் குடுத்த ஆதரவு" என்றார். பொய்! அந்த மண்ணிலிருந்து அவருக்குக் கிடைத்தது ஒரு கைப்பிடி ஓட்டு. அதோடு விட்டாரா? முதல் வேலையாக ரோட்டை அகலப்படுத்த ஒதுக்கீடு வாங்கித் தருகிறாராம். மேம்பாடாம். நேற்று அந்த ரோட்டில் வெறுங்காலோடு நடந்தவர்கள் முன்னால் நின்று சொல்கிறார். யாரும் கை தட்டவில்லை. தவிலும் நாதஸ்வரமும் உடனே தொடங்கிவிட்டன, நல்லதாகப் போயிற்று.

ஒன்று பார்த்தேன். மாலை போட்ட அண்ணன் கையில், இடது விரலில், மை. யாருக்குப் போட்டான்? கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

தீயில் இறங்கும் முன் செல்லாயி அக்கா என் பக்கம் பார்த்துத் தலையசைத்தார். ஆத்தா, உன்னோடு எனக்கு இப்போதைக்குப் பேச்சு இல்லை. அக்காவின் காலை மட்டும் பார்த்துக்கொள் என்றேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வேன். லாரி. தூசி. எல்லாம் பழையபடி.

செப்டம்பர் 1, திங்கள்

முதல் லயத்துச் சுவர்களில் சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். செல்லாயி அக்கா வீட்டுச் சாமி மாடத்துக்கு மேலேயே ஒன்று. கேட்டதற்கு, அளவு எடுக்க வந்தோம், எங்களுக்கு வேறு ஒன்றும் தெரியாது என்றார்களாம். ஒய்.பி. ஆபீசுக்குப் போன் போட்டேன். மீட்டிங்கில் இருக்கிறாராம். மறுபடி போட்டேன். "நீங்க எந்தக் கட்சிக்கா?" என்று ஒரு பெண் கேட்டாள். வைத்துவிட்டேன்.

அண்ணனும் வந்து பார்த்தான் என்று யுகேந்திரன் சொன்னார். ஒவ்வொரு வீட்டுச் சுவராகப் பார்த்தானாம். அந்த நடு வீட்டில்தான் நாங்கள் இரண்டு பேரும் பிறந்தோம். அது செல்லாயி அக்கா வீடாவதற்கு முன்னால் எங்கள் வீடு. சாயத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டானாம். பேச என்ன இருக்கிறது? முனியைக் கொடுத்தவன், மாலை போட்டவன்.

செப்டம்பர் 5, வெள்ளி

செல்லாயி அக்கா வீட்டில் பெண்கள் கூடினோம். நான் மனு எழுதலாம் என்றேன். அக்கா, "நடந்து போயி ஓட்டுப் போட்டோமே, அப்ப லாரி நின்னுச்சா இல்லியா?" என்றார். நின்றது. ஊர்ந்து ஊர்ந்து கடைசியில் நின்றேவிட்டது. அதை நானும் பார்த்தேன்.

செப்டம்பர் 8, திங்கள்

காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்தபோது பழைய வளைவில், முனி முன்பு இருந்த இடத்தில், பெண்கள் ரோட்டுக்குக் குறுக்கே நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளின் வேன் போக மட்டும் ஒதுங்கி வழி விட்டார்கள். பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, வேனை நாற்காலிகளுக்குப் பின்னால் குறுக்காக நிறுத்தினேன். செல்லாயி அக்கா குடை பிடித்து நடுவில் உட்கார்ந்திருந்தார். எதிரே லாரிகள் ஜங்ஷன் வரை நின்றன. ஹாரன் அடித்து ஓய்ந்துவிட்டார்கள். போலீஸ் வந்தது, பேசியது, போனது. நாளைக்கும் வருவார்களாம். வரட்டும். இன்று ஒரு லாரியும் உள்ளே போகவில்லை.

உட்காரப் போகும்போதுதான் கவனித்தேன். நாற்காலி எல்லாம் சிவப்புப் பிளாஸ்டிக். முதுகில் வெள்ளைச் சாயத்தில் 'ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம்' என்று எழுதியிருந்தது. கோயில் ஸ்டோருக்கு ஒரே ஒரு சாவி. அது எப்போதும் அண்ணன் இடுப்பில் இருக்கும்.

எல்லாரும் உட்கார்ந்த பிறகு எனக்கு நாற்காலி இல்லை. அண்ணனிடம் நான் இன்னும் பேசுவதில்லை. ஒரு நாற்காலி குறைகிறது என்று மட்டும் ஆள் விட்டுச் சொன்னேன்.

வந்தது.